நாங்கள் பட்டோம், நீயும் படு!

ஆசிரியராக நாம் பள்ளியில் நுழைந்த முதல் நாள், கையில் தரப்பட்டவை இரண்டு: வருகைப் பதிவேடு, சுண்ணக்கட்டி. பயிற்சிக் காலத்தில் சில வாரம் பாடம் நடத்தியதுண்டு. அன்று வகுப்பு வேறொருவருடையது. இன்றோ முழுப்பொறுப்பும் நம்முடையது! மூத்தவர் ஒருவரிடம் வழி கேட்டோம். "நாங்கள் பட்டுத்தான் தெளிந்தோம், நீயும் படு" என்றார்.

இது அறிவுரையா? அன்று, தோழர்களே! மாமியார் பட்டதை மருமகளும் படவேண்டும் என்னும் மரபின் குரல். பழைய துன்பம் என்பதாலேயே அது நியாயமாகிவிடுமா?

பட்டம் பெற்ற வழக்குரைஞரும் மூத்தவரிடம் இருந்து தொழில் பயில்கிறார். வழக்காடுவோர்க்குத் துணை உண்டு, அறிவூட்டுவோர்க்கு இல்லையா?

இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல், புதிய ஆசிரியருக்கு ஈராண்டுத் தொடக்கப் பயிற்சி. வழிகாட்டி ஒருவர் உடன் நிற்கிறார். கற்பிக்கும் நேரத்தில் முதலாண்டு 10 விழுக்காடும், மறு ஆண்டு 5 விழுக்காடும் குறைக்கப்படுகின்றன. சலுகையன்று அது, சட்டம் தந்த உரிமை!

துணை தந்தால் தன்னம்பிக்கை வளராது என்பர் சிலர். தனியே விட்டால் தோற்பவர் யார்? நாம் தடுமாறிய ஓராண்டு நமக்கு அனுபவம்; வீட்டில் எழுத்தறிந்தார் எவருமற்ற சிறுவனுக்கோ, திரும்பி வாராத வகுப்பு! செல்வர் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு. இவனுக்கு நம்மையன்றி யார்?

ஆகவே, அரசிடம் இவ்வுரிமையைக் கேட்போம். அது வரும்வரை, அடுத்து வரும் இளைஞருக்கு நம் வகுப்பறைக் கதவைத் திறந்து வைப்போம். "நாங்கள் பட்டோம், நீ படவேண்டா" என்போம். அதுவே பகுத்தறிவு!