கவினுக்குக் கடைசி அத்தியாயத்தில் ஐசி கிடைக்க வேண்டுமா?

மலேசியாவில் ஒரு பிள்ளைக்கு 12 வயது ஆனதும் மைகார்டு எடுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிற வயது அது. அந்த வருஷம் முழுக்க வகுப்பில் இது ஒரு சின்னத் திருவிழா மாதிரி நடக்கும். பிறந்தநாள் வர வர ஒவ்வொருவராக அப்பா அம்மாவோடு பதிவிலாகாவுக்குப் போய்விட்டு வருவார்கள். "பாருடா, போட்டோவுல மூஞ்சி எப்படி இருக்குன்னு" என்று அட்டையை நீட்டிச் சிரிப்பார்கள். ஒரு பையன் மட்டும் போகவில்லை. அவன் அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர். கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையைத்தான் பின்தொடர முடியும். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, நெகாராகூ பாடத் தெரிந்தும் அவன் குடிமகன் இல்லை.

8 முதல் 12 வயது வரையிலான வாசகர்களுக்கு இதை ஒரு நாவலாக எழுத உட்காரும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆங்கிலப் பதிப்புலகம் 'மிடில் கிரேட்' என்று தனி அலமாரி ஒதுக்கும் வகை. அவருக்கு இது முதல் நாவல். பையனுக்குக் கவின் என்று பெயர் வைத்தாயிற்று. பத்து அத்தியாயங்கள் தடையில்லாமல் ஓடிவிட்டன. கடைசி அத்தியாயத்தில் கை நிற்கிறது. கவினுக்கு ஐசி கிடைக்க வேண்டுமா, வேண்டாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது கதையை எப்படி முடிப்பது என்ற உத்திப் பிரச்சினை. எனக்கு இது அறப் பிரச்சினையாகவே படுகிறது.

பெரியவர்களுக்கு எழுதும்போது இந்தச் சுமை இவ்வளவு இல்லை. பிடிக்காத நாவலை நீங்கள் மூடி வைத்துவிடலாம். எழுத்தாளன் பொய் சொல்கிறான் என்று தோன்றினால் ஃபேஸ்புக்கில் திட்டலாம். பதினொரு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அவன் இல்லை. வாங்குவது அம்மா, பரிந்துரைப்பது டீச்சர், நூலகத்தில் அடுக்குவது பள்ளி. நாம் சொல்வதை எடைபோட அவனிடம் வேறு அனுபவமும் அதிகம் இல்லை. நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனால் எல்லாமே மலாய், ஆங்கிலம். தமிழ் ஒரு பாடம், அதுவும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால். ஒரு பிள்ளை தானாகத் தமிழில் ஒரு முழு நாவலை வாசிக்கக்கூடிய காலம் மூன்று நான்கு வருஷம்தான். அந்தக் காலத்துக்குள் அவன் கைக்கு வரும் நாவல்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று உங்களுடையது.

சரி, ஐசி கிடைத்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். கவின் திருக்குறள் போட்டியில் முதல் பரிசு வாங்குகிறான். மேடையில் அழுதுகொண்டே தன் கதையைச் சொல்கிறான். பிரமுகர் ஒருவர் மனம் இளகுகிறார். கடைசிப் பக்கத்தில் நீல அட்டை, கைதட்டல். இந்த முடிவுக்குப் பின்னால் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பிள்ளை சந்தோஷமாகப் புத்தகத்தை மூடட்டும் என்கிற அன்புதான் இருக்கிறது.

ஆனால் இந்த நாவலை உண்மையிலேயே பத்திரம் இல்லாத ஒரு பையன் வாசிப்பதாக யோசித்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் அப்படி ஒரு பிள்ளையாவது இந்தப் புத்தகத்தை எடுக்கும் வாய்ப்பு நிச்சயம் உண்டு. அவன் என்ன புரிந்துகொள்வான்? கவின் கெட்டிக்காரன், தைரியசாலி, பரிசு வாங்கினான், அதனால் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அப்படியென்றால் நான் போதவில்லை. சட்டத்தின் கோளாறு அவன் தலையில் அவனுடைய குறையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆறுதலாக எழுதிய முடிவு அவனைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. அவன் பக்கத்து மேசையில், பையில் ஐசி வைத்திருக்கும் தோழி வாசித்தால்? "ஓ, கடைசில கிடைச்சிரும்" என்று மூடி வைப்பாள். அவள் யோசிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

நிஜத்தில் இது இப்படி நடப்பதில்லை. குறிப்பிட்ட வயதுக்குள் இருக்கும் ஒருவரைச் சிறப்புச் சூழலில் குடிமகனாகப் பதிவு செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு வழி விடுகிறது. பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. முடிவு அரசாங்கத்தின் கையில். விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் கிடைக்கவில்லை என்று முடிக்கலாமா? இளம் எழுத்தாளர்களுக்கு இந்த முடிவு மேல் ஒரு மயக்கம் உண்டு. இருட்டாக முடித்தால் அது இலக்கியம் என்று நமக்குப் பழகிவிட்டது. கவின் பதிவிலாகா வாசலில் தனியாக நிற்கிறான், மழை பெய்கிறது, முற்றும். இதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. இந்த இருட்டு கவினுடையது அல்ல, எழுதியவருடையது. பல வருஷம் நாட்டைப் பார்த்துச் சலித்துப்போன ஒரு பெரியவரின் களைப்பைப் பதினொரு வயதுப் பிள்ளையின் மடியில் இறக்கி வைப்பது அது. பெரியவர் அந்தக் களைப்போடு நண்பர்களிடம் பேசலாம், ஓட்டுப் போடலாம், தெருவில் இறங்கலாம். பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

இந்தச் சிக்கலைத் தாண்டிய சில நாவல்கள் நம் முன்னால் இருக்கின்றன. ஈ. பி. ஒயிட் 1952இல் வெளியிட்ட 'ஷார்லட்ஸ் வெப்' நாவலில் சிலந்தி ஷார்லட் செத்துப்போகிறது, அதுவும் தனியாக. ஒயிட் அந்தச் சாவை ரத்து செய்யவில்லை. ஆனால் பன்றிக்குட்டி வில்பரைத் தனியாக விட்டுவிடவும் இல்லை. ஷார்லட்டின் முட்டைகளை அது காப்பாற்றிக் கொண்டுவருகிறது. பொரிந்த குஞ்சுகளில் மூன்று அதனோடு தங்கிவிடுகின்றன. காதரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' 1977இல் வந்தது. அவர் மகனின் சிறு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்துபோன துயரத்திலிருந்து பிறந்த நாவல். 1978இல் நியூபெரி விருது வாங்கியது. அமெரிக்காவில் பெற்றோரின் எதிர்ப்பை அடிக்கடி சந்தித்த சிறார் நாவல்களில் இதுவும் ஒன்று. தமிழில் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளிடமே பேசியது. 2020இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயத்தை அங்கே ஒரு மரப்பாச்சி பொம்மை துணைக்கு இருந்து பேசுகிறது.

மூன்றிலும் நடந்த கொடுமை நடந்ததாகவே இருக்கிறது. யாரும் உயிர்த்தெழவில்லை. ஆனால் உண்மையைக் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டும் போகவில்லை. கூட ஒரு ஆள், அல்லது ஒரு பொம்மை, அல்லது மூன்று சிலந்திக்குஞ்சுகள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். சிறார் நாவல் நம்பிக்கை தரலாம், வாக்குறுதி தரக் கூடாது. 'உனக்குக் கிடைத்துவிடும்' என்பது வாக்குறுதி. அதைக் காப்பாற்ற எழுத்தாளனால் முடியாது, ஆகவே கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை. 'நீ தனியாக இல்லை, இது உன் தப்பு இல்லை' என்பதை நாவலால் காப்பாற்ற முடியும். வாசிக்கும் அந்த நேரத்திலேயே அது உண்மையாகிவிடுகிறது.

கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். ஐசி அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. கவினின் கையில் இருப்பது என்ன? நாவல் அங்கேதான் முடிய வேண்டும். இதுவரை ரகசியமாக வைத்திருந்ததை அவன் ஒரு நண்பனிடம் சொல்லலாம். அந்த நண்பன் அதைக் கேட்டுவிட்டுப் பரிதாபப்படாமல், "அப்ப நாளைக்குப் பந்து வெளையாட வர மாட்டியா?" என்று கேட்கலாம். எப்போதும் வாசலோடு நின்றுவிடும் அப்பா, இந்த முறை முகப்பிடம் வரை வந்து, "இவன் என் மகன்" என்று சொல்லலாம். பாரம் வாங்கிக்கொண்டார்கள், பதில் இன்னும் வரவில்லை. சட்டம் முடிக்காததைக் கதை முடிக்க வேண்டியதில்லை. கதை முடிக்க வேண்டியது கவினின் வெட்கத்தை.

இது நடக்க வேண்டும் என்றால் கவின் வெறும் பிரச்சினையாக இருக்கக் கூடாது. ஐசி இல்லாத பையன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் இல்லையென்றால், மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நாம் அவனைப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று அர்த்தம். பதிவிலாகா செய்ததையே நாவலும் செய்கிறது, அவனைப் பத்திரமாக மட்டும் பார்க்கிறது. அவன் பாட்டியின் முறுக்கைத் திருட வேண்டும். தம்பியிடம் போனுக்குச் சண்டை போட வேண்டும். வீட்டில் பேசுகிற மாதிரி, "டேய், டாப்பாட் ஆவாதுடா" என்று பேச வேண்டும். பிழையில்லாத மேடைத் தமிழில் அவன் பேசினால், நாவலின் முதல் பொய் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

"பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க? கஷ்டமெல்லாம் பெருசானதும் தானா தெரிஞ்சிக்குவாங்க" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அக்கறையில் வரும் குரல்தான், அதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் பத்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது ஏற்கனவே தெரியும். மலாய் மொழியில் வந்த கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியதே அவனாக இருக்கலாம். அவனுக்குத் தெரியாதது, இதைப் பற்றி வெளியே பேசலாம் என்பது மட்டும்தான். மறைத்து வைப்பதால் காப்பாற்றப்படுவது பிள்ளை அல்ல. அவன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நாம்.

முதல் நாவலை இந்த வயதுக்கு எழுத நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த வாசகர் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார், விமர்சனம் எழுத மாட்டார். ஆனால் மறக்கவும் மாட்டார். இருபத்தைந்து வயதில் ஏதாவது ஓர் அரசாங்க அலுவலகத்தில் எண் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருக்கும்போது, சின்ன வயதில் படித்த ஒரு நாவல் அவர் ஞாபகத்துக்கு வரலாம். அதில் சொன்னது பொய் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றக் கூடாது.