மகனை நம்புவதும் மகனைக் காப்பதும்

சென்ற ஷஅபான் மாதத்தில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் எம் இல்லத்திற்கு வந்திருந்தார். வந்தவர் ஸலாம் சொல்லி உட்கார்ந்ததும் மனத்தாங்கலைக் கொட்டிவிட்டார். 10 வயது மகளையும் 12 வயது மகனையும் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை மகளுக்குப் போட்டுவிடலாம் என்று அந்த மருத்துவ அம்மையார் கூற, இவரும் சம்மதித்திருக்கிறார். அதே ஊசியை மகனுக்கும் போடலாமே என்று அடுத்த வார்த்தை சொன்னதும் இவருக்குப் பொறுக்கவில்லை. இரு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"சாச்சா, என் பிள்ளை ஐவேளையும் பள்ளிக்குப் போகிறவன். முப்பதாவது ஜுஸ்உ முழுவதும் மனனம். அவனுக்குப் போய் இந்த ஊசி என்றால், அவன் நாளைக்கு எப்படி ஆவான் என்று நினைத்துச் சொல்கிறார்கள்?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. மகனின் ஒழுக்கத்தின் மீது ஒரு தாய்க்கு இருக்கும் ரோஷம் அது. அந்த ரோஷம் இல்லாத வீடுகளின் நிலையையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஒன்றை அவரிடம் கேட்டோம்: "மகளுக்குப் போடச் சொன்னபோது உனக்கு இந்தக் கோபம் வரவில்லையே, ஏனம்மா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. மகளுக்கு என்றபோது அது கருப்பையின் நோயாகத் தெரிந்தது. மகனுக்கு என்றபோது அது நடத்தையைப் பற்றிய பேச்சாகத் தெரிந்தது. கிருமி ஒன்றுதான், ஊசியும் ஒன்றுதான்.

அந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஹெச்.பி.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்று எண்ணிடப்பட்ட இரண்டு வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவிகிதத்திற்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹாவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டிருக்கிறது என்றும், சுமார் 80,000 பெண்கள் இறந்திருக்கிறார்கள் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. ஆண்களை இக்கிருமி விட்டுவைப்பதில்லை. தொண்டை, நாவின் அடிப்பகுதி, ஆசனவாய், ஆணின் மறைவுறுப்பு ஆகிய இடங்களிலும் இதனால் புற்று உண்டாகும். வேறு சில வகைகளால் மறைவிடத்தில் மருக்கள் தோன்றும்.

இது பரவுவது பெரும்பாலும் ஆண் பெண் உறவின்போது தோலோடு தோல் படுவதால். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடும். தங்கிய கிருமி புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் ஆகும். அதுவரை வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பெண்ணுக்காவது பரிசோதனை உண்டு. ஆணிடம் இக்கிருமி இருக்கிறதா என்று வழக்கமாகச் செய்து பார்க்கும் பரிசோதனை எதுவும் கிடையாது. தன்னிடம் இருப்பது தெரியாமலே அவன் கொடுத்துவிடுகிறான்.

யாருக்குக் கொடுக்கிறான்? சகோதரிகள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். இன்று எங்கோ ஒரு வீட்டில், எட்டு வயதோ ஒன்பது வயதோ ஆன ஒரு பெண் குழந்தை தன் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அல்லாஹ் நாடினால் அதுதான் நாளை உங்கள் மருமகள். அந்தப் பிள்ளையைப் பெற்றவர் உங்களை அறியார். நீங்களும் அவரை அறியமாட்டீர்கள். நிக்காஹ் மஜ்லிஸில் மஹரைப் பற்றிப் பேசுவோம், சீர் வரிசை வேண்டாம் என்றுகூடப் பெருமையாகச் சொல்வோம். அந்தப் பெண்ணின் உடலுக்கு நம் வீட்டிலிருந்து தீங்கு போகக் கூடாது என்பதும் அவளுடைய ஹக்குதானே? அதைப் பேசுவதற்கு நிக்காஹ் நாள் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இந்த ஊசி, கிருமி தொற்றுவதற்கு முன்னால் போட்டால்தான் பயன்படும். தொற்றிய கிருமியை இது வெளியேற்றாது. 9 வயது முதல் 14 வயது வரை உடம்பு இதை நன்றாக ஏற்றுக்கொள்வதால் இரண்டு ஊசிகள் போதும் என்கிறார்கள். 15 வயதுக்கு மேல் ஆரம்பித்தால் பொதுவாக மூன்று.

"என் மகன் தவறே செய்யமாட்டான்" என்கிறீர்கள். அப்படியே ஆகட்டும், ஆமீன். ஆயினும் தவறே செய்யாதவனுக்கும் இது வரும் வழி இருக்கிறது. அவன் ஒரு விதவையை மணக்கலாம். தலாக்கான ஒரு பெண்ணுக்கு வாழ்வு கொடுக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதன்முதலில் மணந்த கதீஜா (ரலி) அம்மையாரே விதவைதானே! அந்தப் பெண்ணின் முந்தைய கணவர் எப்படிப்பட்டவர் என்பதை யார் அறிவார்? ஹலாலான வழியிலேயே அக்கிருமி உங்கள் மகனிடம் வந்து சேரலாம்.

இன்னொரு நிலையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல பிள்ளையும் வாலிபத்தில் ஒரு முறை சறுக்கிவிடுவதுண்டு. அழுது தவ்பாச் செய்கிறான், அல்லாஹ் மன்னிப்பாளன். பிறகு மணம் முடித்து உத்தமனாக வாழ்கிறான். தவ்பா பாவத்தைக் கழுவும். கிருமியைக் கழுவும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. மன்னிக்கப்பட்ட ஒரு பாவத்தின் மிச்சம், அதில் எந்தப் பங்கும் இல்லாத மனைவியின் உடம்பில் இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றாக வெளிப்படுவதை எண்ணிப் பாருங்கள்.

அப்போது ஊர் என்ன பேசும்? இந்நோய் எப்படிப் பரவுகிறது என்று அரைகுறையாகக் கேள்விப்பட்ட நாக்குகள், கணவனையன்றி வேறு எவரையும் அறியாத அந்தப் பெண்ணைத்தான் முதலில் நோக்கும். கிருமி எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் பழி புகுந்துகொள்ளும். கற்புள்ள பெண்மீது சாட்சிகளின்றிப் பழி சுமத்துவோருக்குத் திருமறை 80 கசையடிகள் விதித்திருக்கிறது. மார்க்கம் அவளுடைய மானத்தை அவ்வளவு பெரிதாக மதித்திருக்க, நாம் நம் மகனின் கௌரவத்தை மட்டும் எண்ணிக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

"நம் பிள்ளைகளுக்குத்தான் கத்னா செய்திருக்கிறோமே, அது போதாதா?" என்று இவரே கேட்டார். நல்ல கேள்வி. கத்னாவினால் பயன் உண்டு. உகாண்டாவின் ராக்காய் பகுதியில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், கத்னா செய்துகொண்டவர்களிடம் அபாயகரமான வகைக் கிருமிகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காணப்பட்டன. குறைவாக என்றால் இல்லை என்று பொருளாகாது. தொண்டைக்கு அது காவலும் அன்று. மாறாக, 18 நாடுகளைச் சேர்ந்த 4,065 ஆண்களிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த வகைக் கிருமிகள் ஏற்கெனவே தொற்றாதிருந்தவர்களுக்கு, அவற்றால் மறைவிடத்தில் வரும் மருக்களையும் புண்களையும் ஊசி 90 சதவிகிதம் தடுத்தது.

கத்னாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சுன்னத் கலியாணத்திற்கு மாலை போட்டு, பிள்ளையை ஊர்வலம் விட்டு, பிரியாணி ஆக்கி ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்ட நமக்கு அன்று வெட்கம் வரவில்லை. அவன் பின்னாளில் கெட்டுப்போவான் என்று எண்ணியா அதைச் செய்தோம்? அவனிடம் சம்மதமும் கேட்கவில்லை. அழுத பிள்ளையின் வாயில் கல்கண்டைப் போட்டோம். கையில் போடும் ஓர் ஊசிக்கு மட்டும் எங்கிருந்தோ வெட்கம் வந்துவிடுகிறது.

சரி, பாவத்தின் விளைவை முன்கூட்டியே தடுத்துவிட்டால் பாவத்திற்குத் துணிவு வந்துவிடாதா? இது படித்தவர்களும் எழுப்பும் ஐயம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1,398 சிறுமிகளை இது பற்றித் தொடர்ந்து கவனித்து 2012-ல் எழுதினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் போடாதவர்களைவிடத் தவறான வழியில் கூடுதலாகச் சென்றதற்கான அடையாளம் ஏதும் காணப்படவில்லை. ஆராய்ச்சி இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளையை விபசாரத்திலிருந்து தடுப்பது எது? புற்றுநோய் வரும் என்ற பயமா? அந்தப் பயம் ஒன்றுதான் அவனுக்கு வேலி என்றால், நாம் கொடுத்த மார்க்கக் கல்வியை நாமே அற்பமாக மதிப்பிடுகிறோம். அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வு ஊசியால் கரைந்துவிடாது.

ஹஜ்ஜுக்குச் செல்பவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டே தீர வேண்டும் என்பது சவூதி அரசின் விதி. அல்லாஹ்வின் இல்லத்திற்குப் போகிறோம், ஊசி எதற்கு என்று எந்த ஹாஜியும் கேட்பதில்லை. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 18-ல் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு ஸர்க் என்ற இடத்திலிருந்து திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா விடை சொன்ன சரித்திரத்தை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசாங்கங்களும் உலக சுகாதார நிறுவனமும் இந்த ஊசிக்குப் பெண் பிள்ளைகளையே முதலில் கருதுகின்றன. அது நியாயமே, இதனால் மடிபவர்கள் பெரும்பாலும் பெண்கள். கையிலிருப்பது ஒரு பிள்ளைக்குத்தான் போதும் என்றால் மகளுக்குப் போடுங்கள். மகனுக்கு முடியவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. வசதி உள்ளவர்கள் விஷயம் வேறு. ஆஸ்திரேலியா 2013 முதலும் பிரிட்டன் 2019 முதலும் பள்ளிகளிலேயே ஆண் பிள்ளைகளுக்கும் போடுகின்றன. நம் நாட்டில் தயாராகும் ஊசிக்கும் இரு பாலாருக்கும் போட அனுமதி உண்டு. இதில் உயிருள்ள கிருமி கிடையாது, கிருமியின் மேலுறையைப் போன்ற புரதம் மட்டுமே. ஊசி போட்டுவிட்டோம் என்று மகள் பிற்காலத்தில் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. எல்லா வகைகளையும் இது தடுப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு அந்தப் பெண்மணி கடைசியாகக் கேட்டதுதான் எமக்கும் கடினமாக இருந்தது. "எல்லாம் சரி சாச்சா, எதுக்கும்மா இந்த ஊசி என்று அவன் கேட்டால் என்ன சொல்ல?" பொய் சொல்லாதே என்று மட்டும் சொன்னோம். சளிக்கு என்றோ சத்துக்கு என்றோ சொல்லிவிட்டால், நான்கு வருடம் கழித்து அவனே தெரிந்துகொள்வான். உம்மா ஏன் மறைத்தார்கள் என்ற எண்ணம் அப்போது வரும். குளிப்புக் கடமையாவதைப் பற்றி மதரஸாவில் உஸ்தாது அவனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிற வயது இது. பிக்ஹு நூல்கள் வெட்கப்படாத விஷயத்தில் தாய் எவ்வளவு சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தாய்க்கே தெரியும்.

பெருநாள் கழித்து இரு பிள்ளைகளையும் அழைத்துப் போய்ப் போட்டு வந்திருக்கிறார். ஊசி போட்டபின் 15 நிமிடங்கள் உட்கார வைப்பார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் சிலர் ஊசிக்கு மயங்கி விழுவதுண்டு. அந்த நேரத்தில்தான் பையன் கேட்டானாம். "உனக்குக் கலியாணமான பிறகு உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் ஒரு புற்றுநோய் வராமல் இருக்கத்தான்ப்பா" என்றிருக்கிறார். பையன் காது வரை சிவந்து, மருத்துவமனைச் சுவரிலிருந்த படத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டானாம். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, அடுத்த ஊசி எப்போது என்று மட்டும் கேட்டிருக்கிறான். ஆறு மாதம் கழித்து. ரபியுல் ஆகிரில் வருகிறது. காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.