காரணத்தைத் தேடும் அறிவு: ஸ்டியரிங் நடுக்கமும் எச்ச அனுமானமும்

காரியத்திலிருந்து காரணத்தை உய்த்துணர்வதை இந்தியத் தருக்கவியல் அனுமானத்தின் ஒரு வகையாகக் கொள்கிறது. நியாய சூத்திரம் ‘சேஷவத்’ என்றும் மணிமேகலை ‘எச்சம்’ என்றும் வழங்கும் இவ்வகைக்கு, ஆற்றின் வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்ததை அறிவது எடுத்துக்காட்டாகும்.

வண்டியின் பழுதைக் கண்டறிவதும் இத்தகைய அனுமானமே. புதிய சக்கரங்களும் டயர்களும் மாட்டிய லாரியின் ஸ்டியரிங் குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கும்போது, புதியவற்றின் மீதே உடனே பழி சுமத்துவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் முடியலாம். ஏனெனில் முன்நிகழ்வு என்பதாலேயே ஒன்று காரணமாகிவிடாது. பழைய சக்கரங்களை மீண்டும் மாட்டியதும் நடுக்கம் மறைந்து, புதியவற்றை மாட்டியதும் அது திரும்புமாயின், அங்கே அந்நுவயமும் (உள்ளபோது உண்மை) வெதிரேகமும் (இல்லாதபோது இன்மை) ஒருங்கே அமைகின்றன. அப்போதும் குற்றம் டயரினுடையது என்று முடிவாகாது: பேலன்சிங் எடை விழுந்திருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், அல்லது புதிய சக்கரம் ஹப்பில் சரியாகப் பொருந்தாமல் அமர்ந்திருக்கலாம். பழைய சக்கரங்களிலும் நடுக்கம் தொடர்ந்தால், டை ராடு முனை, கிங் பின், பேரிங் ஆகியவற்றின் தேய்மானத்தை ஆராய வேண்டும்.

இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சியதைக் கொள்வது வெறும் தொழில்நுட்பமன்று. ஆராயாமல் பழி கூறாதிருக்கும் அறமும் அதுவே.