என்ன மாத்துனீங்க?

ஒரு ஏ.சி. மெக்கானிக்கிடம் முந்நூறு ரூபாய் பேரம் பேசி ஜெயித்திருக்கிறேன். சில காசு மிச்சம் பிடித்தால் பாக்கெட்டில் தங்காது, தொண்டையில் தங்கும். இது அந்த வகைக் காசு.

அக்கா வீடு புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற பக்கம் ஒரு கிராமம். பலா, தென்னை, வாழை, பூந்தோட்டம் என்று கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. வீட்டுக்கு மேற்கே பெரிய பலாமரம் ஒன்று நின்றது. மத்தியானம் மூன்று மணிக்கு அதன் நிழலில் மொட்டை மாடியில் பாய் விரித்துத் தூங்கியிருக்கிறேன். அத்தானுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆன பிறகு, சிங்கப்பூரில் இருக்கிற மகன் பணம் அனுப்பி ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று மாட்டினார்கள். பலாமரம் இருந்தவரை அதற்குப் பெரிதாக வேலை இல்லை. விருந்தாளி வந்தால் போட்டுக் காட்டுவார்கள்.

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அதிகாலையில் கரையேறிய கஜா புயல், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களை மிதித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தது. கஜா என்றால் யானை. பேர் வைத்தது இலங்கை. புயல் என்றால் கடலோரத்து ஆட்களின் கவலை என்று இருந்துவிட்ட உள்நாட்டு ஊர்களில், விடிந்தபோது தென்னந்தோப்பெல்லாம் சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. புயல் தாக்கிய மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வேறு மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த ஊழியர்கள் சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நடந்தார்கள். அக்கா வீட்டுக்குக் கரன்ட் திரும்பி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பலாமரம் வேரோடு போயிற்று. நல்லவேளை, வீட்டின் மேல் விழவில்லை.

மரத்தின் அருமை 2019 ஏப்ரலில் தெரிந்தது. நிழல் போன வீடு செங்கல் சூளை மாதிரி கொதித்தது. அத்தானுக்கு மூச்சு வாங்கியது. ஏ.சி.யைப் போட்டால் பத்து நிமிஷம் ஜில்லென்று வரும். அப்புறம் வெறும் காற்று. கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் ஜில். மறுபடி வெறும் காற்று.

நான் அப்போது அங்கே போயிருந்தேன். டவுனில் ஒரு மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ஊர், பேர் எதுவும் கேட்காமல், “கேஸ் இருக்காது சார். மூவாயிரம் ஆகும், நாளைக்கு வர்றேன்” என்றார். போனிலேயே நாடி பார்க்கிற வைத்தியர்! அவர் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆனால் மூவாயிரம் ரூபாயை எண்ணி நான் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அது ஞாபகம் இருக்கட்டும்.

இந்த கேஸ் விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏ.சி.க்குள் ஓடுகிற வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற சமாசாரம் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே இருக்கிற சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டும், திரும்பி வரும். அவ்வளவுதான். குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது, கிழிந்த சாக்கில் நெல் அளப்பது. வீட்டு ஃப்ரிட்ஜும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. அதற்கு வருஷாவருஷம் கேஸ் போடுகிறோமா? ஏ.சி. என்றால் மட்டும் சித்திரை பிறந்ததும் கேட்காமல் போட்டுவிடுகிறோம்.

கடைசியில் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வந்தார். ஐ.டி.ஐ. படித்தவர், முப்பது வயசு இருக்கும். கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை. நேரே மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சட்டென்று என்னைக் கூப்பிட்டு அதன் முதுகுப் பக்கத்தைக் காட்டினார்.

“கஜா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்குண்ணே.”

அந்த முதுகில் காகிதம் மாதிரி மெல்லிய அலுமினியத் தகடுகள், நூற்றுக்கணக்கில், நெருக்கமாக நிற்கும். நகத்தால் அழுத்தினாலே மடியும். அவற்றின் சந்து வழியாகக் காற்று போனால்தான் சூடு வெளியேறும். புயல் கொண்டுவந்து அடித்த ஓட்டுச் சில்லும் மட்டையும் கல்லும் அதை அப்பளம் மாதிரி தட்டையாக்கி, மிச்ச சந்தில் சேறும் சருகும் அடைத்திருந்தது. கோடை மழையில் என்றைக்காவது ஆலங்கட்டி விழுந்தால்கூட இந்தத் தகடுகள் குழி விழுந்துபோகும் என்றார். (ஆலங்கட்டியை டம்ளரில் பொறுக்கிய வயசில் எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது.) காற்றுப் போக வழியில்லாமல் சூடு உள்ளேயே தேங்க, கம்ப்ரஸர் கொதித்துத் தானே நின்றுவிடுகிறது. ஆறினதும் ஓடுகிறது. திரும்ப நிற்கிறது. கேஸ் கச்சிதமாக இருந்தது.

பேன் சீப்பு மாதிரி ஒரு சீப்பை எடுத்தார். வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து, தகடு தகடாக நிமிர்த்த ஆரம்பித்தார். இரண்டரை மணி நேரம். அப்புறம் தண்ணீர் அடித்துக் கழுவினார். காற்றில் ஆடி ஆடித் தளர்ந்திருந்த தாங்கி நட்டுகளை முடுக்கினார். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஏ.சி. நிற்காமல் ஓடியது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, “ஸ்... அப்பாடா” என்றார்.

“எவ்வளவு தம்பி?”

“எழுநூறு குடுங்கண்ணே.”

என் வாயிலிருந்து அந்தக் கேள்வி தானாக வந்தது: “என்ன மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தலண்ணே. நிமித்தி, க்ளீன் பண்ணி...”

“ஒண்ணுமே மாத்தலங்கிறீங்க, எழுநூறா? நானூறு வச்சுக்குங்க தம்பி.”

சட்டைப் பையில் மூவாயிரம் இருக்கிறது. பார்க்காமலே பொய் சொன்னவருக்கு அதை முனகாமல் கொடுக்கத் தயாராக இருந்தேன். வெயிலில் இரண்டரை மணி நேரம் குந்தி உண்மையைச் சொன்னவரிடம் முந்நூறு ரூபாய் குறைத்தேன். உள்ளேயிருந்து அத்தானும் ஒத்து ஊதினார். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர், வீட்டுச் செலவுக்கு இன்னமும் நோட்டு வைத்திருக்கிறார். “எந்தத் தலைப்புல எழுதறதுடா இதை?”

தம்பி நானூறை வாங்கிக்கொண்டார். அக்கா டீ கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டே பேச்சு வந்தது. கஜாவில் அவர் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துவிட்டது, இருபது தென்னை சாய்ந்துவிட்டது. தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அவர் புலம்பலாகச் சொல்லவில்லை, நாங்கள் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு சின்ன அலுமினிய டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். தலை உப்பிப்போன பழைய கெபாசிட்டர்.

“இது எதுக்குத் தெரியுமாண்ணே?”

“எதுக்கு?”

“உங்கள மாதிரி ஆளுகளுக்குத்தாண்ணே” என்று சிரித்தார். “இது போயிருச்சு, புதுசு போட்டிருக்கேன்னு சொல்லி இதைக் கையில குடுத்துட்டா எழுநூறு, எண்ணூறு பேசாம வந்துரும். ரெண்டு வருஷம் உண்மையைச் சொல்லிப் பாத்தேன். கட்டுப்படி ஆகல. வேலைக்கு மேல ஒத்த ரூபா வாங்கறதில்லண்ணே. காரணத்தை மட்டும் மாத்திச் சொல்றேன்.”

“அப்ப இங்க ஏன் சொல்லல?”

“நான் மாடில இருக்கும்போதே அக்கா ரெண்டு தடவ மோர் குடுத்து விட்டாங்க. மனசு வரல.”

அவர் போன பிறகு ரொம்ப நேரம் அந்த டப்பாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை உண்மை, கூலி நியாயம். சொன்ன காரணம் மட்டும் பொய். இது ஏமாற்றா?

இம்மானுவேல் கான்ட் என்கிற ஜெர்மன் தத்துவ ஞானி 1785-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாதவர் வந்தாலும், சின்னக் குழந்தையே வந்து கேட்டாலும் அவரிடம் ஒரே விலை. சந்தோஷம். ஆனால் ஏன் அப்படி இருக்கிறார் என்று கான்ட் நோண்டுகிறார். கடைப் பேர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக என்றால், அது வியாபாரக் கணக்கு, அறம் இல்லை. நேர்மையாக இருப்பது கடமை என்பதற்காகவே இருந்தால்தான் அறம். கறாரான ஆசாமி. கொலைகாரன் வந்து உன் நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். நம் தம்பியின் டப்பாவைப் பார்த்திருந்தால் ஜெயிலுக்கே அனுப்பியிருப்பார்.

வள்ளுவர் கொஞ்சம் இறங்கி வருவார். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளை, குற்றமில்லாத நன்மை தருகிற பொய்க்கும் அவர் இடம் கொடுக்கிற குறளை, வசதிக்குத் தக்கபடி பயன்படுத்தாத தமிழன் உண்டா? தம்பியும் அதைச் சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டம் இல்லையே!

எனக்கு அது ஒப்பவில்லை. நஷ்டம் ஒருவருக்கு இருக்கிறது. அடுத்து வருகிற, டப்பா வைத்திருக்காத மெக்கானிக்குக்கு. உழைப்புக்குக் காசு கொடுத்த அந்த வீட்டுக்காரர், பாகத்துக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எதையாவது மாற்றினால்தான் ரிப்பேர் என்று அவர் மனசில் இன்னும் ஆழமாகப் பதிகிறது. மறுதடவை ஒருவர் வந்து “ஒண்ணும் மாத்தலீங்க” என்றால் நானூறுதான். எல்லா மெக்கானிக்கும் ஆளுக்கொரு செத்த கெபாசிட்டர் சுமக்க ஆரம்பித்தால், அப்புறம் நிஜமாகவே கெபாசிட்டர் போனாலும் யாரும் நம்ப மாட்டோம். இந்த இடத்தில் கான்ட் பக்கம்தான் நிற்கிறேன்.

ஆனால் கான்ட்டிடம் எனக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு. கடைக்காரரைக் கூண்டில் ஏற்றி அத்தனை குறுக்கு விசாரணை செய்தவர், வாங்க வந்தவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு வந்தார், வாங்கினார், போனார். நம் ஊர் டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள். சாதாரண ஜலதோஷம், மூன்று நாளில் தானாகப் போய்விடும், வெந்நீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினால் வாசலில் என்ன பேச்சு? “ஒரு ஊசிகூடப் போடல, நூறு ரூவா வாங்கிட்டார்.” பத்து வருஷம் படித்துவிட்டு, ஊசி வேண்டாம் என்று தீர்மானிக்கிற அறிவுக்கு நம் சந்தையில் விலை கிடையாது. வேண்டாத ஊசிக்கு உண்டு. அப்புறம், டாக்டரெல்லாம் தேவையில்லாமல் ஊசி போடுகிறார்கள் என்று பேசுவதும் நாம்தான். கம்ப்யூட்டர் சரிசெய்கிற பையன், கடிகாரக் கடைக்காரர், பம்ப் செட் மெக்கானிக் எல்லாரிடமும் இதே கேள்விதான் கேட்கிறோம். பொய் அவர்கள் வாயிலிருந்து வருகிறது, சரி. அதற்கு விலை வைத்து வாங்குவது யார்?

இதை நான் அக்காவிடம் சொன்னேன். “இவ்வளவு யோசிக்கிறவன் அன்னைக்கே அந்த முந்நூறைக் குடுத்திருக்கலாமே” என்றாள். தத்துவ விசாரணைக்கு வீட்டில் இருக்கிற மரியாதை இதுதான்.

போன கோடையில் மறுபடி அங்கே போயிருந்தேன். பலாமரம் இருந்த இடத்தில் அக்கா வைத்த கன்று ஆள் உயரம் தாண்டிவிட்டது, ஆனால் மாடிக்கு நிழல் வர இன்னும் காலம் இருக்கிறது. ஏ.சி. திரும்பவும் மக்கர். அதே தம்பிதான் வந்தார். லேசாக நரைத்திருந்தார். ஆடிக் காற்றுக்கு அவுட்டோர் யூனிட் ஆடியதில் ஒரு வயர் உராய்ந்து தளர்ந்திருந்தது. தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம், முடுக்க ஒரு நிமிஷம். எண்ணூறு என்றார். எடுத்துக் கொடுத்தேன். என்ன மாத்துனீங்க என்று கேட்கவில்லை. அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

உள்ளே வந்தேன். அத்தான் மடியில் நோட்டு, கையில் பேனா.

“எவ்வளவுடா?”

“எண்ணூறு.”

“என்னத்த மாத்துனாரு?”

ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்லலாம்தான். தளர்ந்த வயரை முடுக்கினார் என்று ஆரம்பித்தால் எண்ணூறுக்கு ராத்திரி வரை விசாரணை நடக்கும். அத்தானுக்கு மூச்சு வாங்கும்.

“கெபாசிட்டர்னு எழுதிக்குங்க அத்தான்” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.