தீட்டுக்கு நாள் கணக்கு உண்டு

ஆடி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் பந்தல் எழும்பும்; கூழ் அண்டா அடுப்பேறும்; திருவேற்காடு கருமாரியம்மனையும் மாங்காடு காமாட்சியையும் நோக்கிக் கூட்டம் நடக்கும். ஆகஸ்டில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை கிளம்புவார்கள். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டவர்கள் குருசாமியைச் சுற்றி ஒரு மண்டலம் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் பல மாவட்டத்து மனிதர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. பங்காளிகளைச் சொந்த ஊரில் விட்டுவந்தவர்களுக்குத் திருவிழாக் குழுவே பங்காளி. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதும் சாவுக்குப் பாடை கட்டுவதும் அந்தக் கைகள்தாம். அப்படிப்பட்ட குழுவில் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டால், மிச்சமிருப்பவர்களின் கடமை என்ன? தமிழ்நாட்டில் 2022-இல் மட்டும் 19,834 பேர் இப்படி இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாளொன்றுக்குச் சுமார் 54 பேர். எந்தப் பந்தலும் இந்தக் கேள்வியைத் தனக்கு ஆகாதது என்று ஒதுக்கிவிட முடியாது.

இங்கே முதலில் வந்து நிற்கும் சொல் தீட்டு. காப்புக் கட்டியவர் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது; பிணம் எடுக்கும்வரை சாமி புறப்பாடு இல்லை; பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் போட்ட மாலையைக் கழற்ற வேண்டும். இந்த விதிகள் கொடியவை என்று நான் நினைக்கவில்லை. துக்கத்தில் இருப்பவரைக் கொண்டாட்டத்துக்கு இழுக்காமல், கொஞ்ச காலம் அவரை அவர் போக்கில் விடும் ஏற்பாடு அது. ஆனால் தீட்டுக்கு இரண்டு இலக்கணம் உண்டு. ஒன்று, அது எல்லாச் சாவுக்கும் பொது. பேரன் பேத்தி எடுத்துப் போன கிழவருக்கும் அதே தீட்டுத்தான். இரண்டு, அதற்கு நாள் கணக்கு உண்டு. பதினாறாம் நாளோ ஓராண்டோ, முடியும் நாள் தெரிந்த விலக்கு அது. தற்கொலை நடந்த வீட்டுக்கு நேர்வது வேறு. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் நேரே சுடுகாட்டுக்குப் போகும். ஒப்பாரி தொண்டையிலேயே அடங்கும். காரணத்தைப் பற்றிய கிசுகிசு மட்டும் தெருவில் நிற்கும். கருமாதி முடிந்த பிறகும் யாரும் வருவதில்லை. அடுத்த ஆண்டு வசூலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருபவர்கள் அந்த வாசலை மட்டும் தாண்டிப் போவார்கள். பொதுவும் இல்லாத, முடிவும் இல்லாத இந்த விலக்குக்குத் தீட்டு என்ற பெயர் பொருந்தாது. அது தீர்ப்பு. இறந்தவர் மீது சொல்லப்பட்டு, இருப்பவர்கள் மீது நிறைவேற்றப்படும் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைச் சமயத்தின் பெயரால் சொல்பவர்கள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் திருமுல்லைவாயிலை நினைத்துப் பார்க்க வேண்டும். போருக்குப் போன தொண்டைமானின் யானைக் கால் முல்லைக் கொடியில் சிக்கியது. வாளால் வெட்டினான், கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்திலிருந்து இரத்தம் பெருகியது. செய்த பிழை தாங்காமல் அதே வாளைத் தன் கழுத்தில் வைத்தான் என்கிறது தலபுராணம். அப்போது இறைவன் செய்தது என்ன? பாவக் கணக்கு வாசிக்கவில்லை. கோழை என்று இகழவில்லை. வெளிப்பட்டுத் தடுத்தான், தன் நந்தியையே அவனுக்குத் துணையாகப் போருக்கு அனுப்பினான். நந்தி சந்நிதிக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்த்து நிற்பதற்கு இன்றும் அதையே காரணம் சொல்கிறார்கள். லிங்கத்தின் வெட்டுக்காயத்துக்குச் சந்தனக் காப்பு. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைச் சதயத்தன்று அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். கண்பார்வை இழந்து தவித்த சுந்தரர் துயர் துடைக்கச் சொல்லிப் பாடிய தலங்களில் இதுவும் ஒன்று. தன்னையே அழித்துக்கொள்ள ஓங்கிய கையைத் தெய்வம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு வெளியூர்ச் சான்று தேவையில்லை.

ஆனால் தொண்டைமான் பிழைத்தான். இறந்தவருக்கு இது எப்படிப் பொருந்தும், தற்கொலை பாவம் என்றுதானே சாத்திரம் சொல்கிறது என்று கேட்கலாம். சொல்கிறதுதான். அதே மரபுதான் துர்மரணம் அடைந்தவருக்காக நாராயண பலி என்ற சடங்கையும் வைத்திருக்கிறது. சடங்கு வைத்திருப்பதன் பொருள், அந்த உயிரை யாரும் கைவிடவில்லை, அதற்காகச் செய்ய வேண்டியது இருப்பவர் கையில் இருக்கிறது என்பதே. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, அறிந்தே தம்மை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மன வேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏற்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னது. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. சபையும் சட்டமும் கைவிட்ட தண்டனையைத் தெரு மட்டும் கட்டிக்காப்பது எந்த தர்மம்?

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. இந்தச் சாவுக்கு மரியாதை செய்தால், துவண்டு கிடக்கும் இன்னொருவருக்கு அது வழிகாட்டிவிடாதா? இந்த அச்சம் நியாயமானது. ஒரு தற்கொலை பற்றிய பேச்சு அடுத்ததைத் தூண்டக்கூடும் என்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். சாவைச் சிறப்பித்த நினைவும் நம்மிடம் உண்டு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், நீலிப் பேயால் மாண்ட வணிகனுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தீப்பாய்ந்த எழுபது வேளாளரைத் தொண்டை மண்டலம் இன்றும் புகழ்கிறது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைச் சங்கம் பாடியது. அவை ஒரு நெறியை முன்னிட்டு, ஊரறியச் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுபவை. வலி தாங்காமல் யாரும் அறியாத நேரத்தில் போனவரை அந்த வரிசையில் நிறுத்துவது அவர் பட்ட வேதனையைப் பொய்யாக்குவதாகும். எனவே ஆளுயரப் பேனர் வேண்டாம். எப்படி இறந்தார் என்ற விவரப் பேச்சு வேண்டாம். நிம்மதியாகிவிட்டார் என்ற ஆறுதலும் வேண்டாம், துவண்டிருப்பவர் காதில் அது அழைப்பாக விழும். மரியாதை அவர் வாழ்ந்த வாழ்வுக்கும் அவரை இழந்தவர்களுக்கும் உரியது. சாவைப் புகழாமலே சாவு வீட்டோடு நிற்க முடியும்.

கொண்டாட்டத்துக்குள் இந்தத் துக்கத்தைக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்குத் திரௌபதியம்மன் திருவிழாவே பதில். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தரையில் கிடப்பான். பகைவன் அவன், என்றாலும் அவனுக்கும் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அதற்குப் பிறகே தீமிதி. எதிரிக்கு அழ இடம் வைத்த திருவிழாவில், தோளோடு தோள் நின்று தேர் இழுத்தவருக்கு அழ இடம் இல்லையா? மனநோய்க்கு மருத்துவர் இருக்க, கோயில் குழு என்ன செய்துவிடும் என்பதும் சரியான கேள்விதான். மருத்துவரின் வேலையைக் குழு செய்ய முடியாது. ஆனால் யார் பஜனைக்கு வருவதை நிறுத்தினார், யார் சாப்பாட்டுப் பந்தியில் பேசாமல் எழுந்தார் என்பது மருத்துவருக்கு முன் குழுவுக்குத் தெரியும். சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பின் அடிப்படையே, தீர்ப்புச் சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பதுதான். அதைக் குருசாமியும் செய்யலாம். அதோடு 104, 14416 என்ற உதவி எண்களைப் பந்தலில் எழுதிவைத்து, தேவைப்பட்டவரை மருத்துவமனைக்குத் தாமே கூட்டிப்போகலாம். உண்மையான ஆபத்து, மாலையைக் கழற்றிய மறுநாள் குழுவே கலைந்துவிடுவது. நாற்பத்தெட்டு நாள் ‘சாமி’ என்று அழைக்கப்பட்டவரை நாற்பத்தொன்பதாம் நாள் பெயர் சொல்லிக்கூட யாரும் அழைக்காவிட்டால், கூடியிருந்த நாட்களே அவர் தனிமையின் அளவுகோலாகிவிடும்.

ஆகவே ஒரு தற்கொலைக்குப் பிறகு திருவிழாக் குழு மாற வேண்டியது இதில்தான்: பருவத்துக்குக் கூடும் கூட்டமாக இருந்தது, ஆண்டு முழுக்க விசாரிக்கும் உறவாக வேண்டும். திருமுல்லைவாயிலில் காயத்தை மறைத்துவிட்டு மறந்துவிடவில்லை. ஆண்டுதோறும் காப்பைக் களைந்து, பார்த்து, குளிரக் குளிரச் சந்தனம் சாத்துகிறார்கள். இழந்த வீட்டுக்கும் அதுவே முறை. தீட்டு நாட்கள் தீரும்வரை அவர்களை விழாவுக்கு இழுக்காமல், வீட்டுக்குச் சோறும் ஆளும் போய்வரட்டும். நாள் கணக்கு முடிந்ததும் முதல் அழைப்பு அந்த வீட்டுக்குப் போகட்டும். அடுத்த ஆடியில் ரசீதுப் புத்தகத்தோடு தெருவில் இறங்குபவர்கள் அந்தக் கதவையும் தட்டி, வழக்கம்போல் பெயர் கேட்டு எழுதட்டும். பத்து ரூபாய் கொடுத்தாலும் நூறு கொடுத்தாலும் ரசீதில் அவர்கள் பெயர் ஏறும்போதுதான் அந்த வீட்டுத் தீட்டு முடிகிறது.