நேரம் பார்த்தல்

கால் நகங்கள் தரையில் தேயும் சத்தம்.

கனவில் ஓடுகிறான் என்று தோன்றுகிறது. தூக்கத்தில் ஓடாத நாய் உண்டா. பெயர் சொன்னால் விழித்துவிடும்.

செவலையின் கண்கள் திறந்தே இருக்கின்றன.

*

கழுத்து பின்னால் வளைகிறது. நான்கு கால்களும் விறைக்கின்றன. தாடை இறுகுகிறது. மூச்சு எங்கோ போய்விடுகிறது.

பிறகு உதறல்.

கோமுகி வாய்க்காலில் இறங்கினால் கால் போடுவானே, அதே வீச்சு. இங்கே சிமெண்டுத் தரை.

வாயோரம் நுரை. சாக்கில் சிறுநீர் பரவுகிறது. மார்கழிக் குளிரில் அதிலிருந்து லேசாக ஆவி எழுகிறது.

*

கை தானாக அவன் வாயை நோக்கிப் போகிறது.

பாதியில் நிற்கிறது.

நாய் தன் நாக்கை விழுங்கிவிடாது. இறுகும் தாடைக்கு, நடுவில் இருப்பது யார் விரல் என்று தெரியாது.

கைக்குச் சின்ன வேலைகள்தான் இருக்கின்றன. தலைமாட்டிலிருந்து தண்ணீர்ச் சட்டியை நகர்த்துகிறது. திண்ணை விளிம்பில் ஒரு தலையணையை வைக்கிறது. விளக்கை அணைக்கிறது. உள்ளே ஓடும் டிவியை நிறுத்துகிறது.

அப்புறம் அதற்கு வேலை இல்லை.

*

போனில் கால்நடை மருத்துவர். நிதானமான குரல்.

"மணியப் பாத்துக்கிட்டே இருங்க சார். அமுக்கிப் புடிக்காதீங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டிச்சுன்னா வண்டியில போட்டுக் கெளம்பிடுங்க."

பார்த்துக்கொண்டே இருப்பது.

*

செல்போன் திரையில் விநாடிகள்.

ஐந்து நிமிடம் ஓர் எல்லை. அதைத் தாண்டிய வலிப்பு தானாக அடங்குவது அரிது. தசைகள் ஓயாமல் உழைக்க உழைக்க உடம்பு கொதிக்கும். அந்தக் கொதிப்பு மூளையைச் சுடும்.

இன்னும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான்.

ஒரு நிமிடத்துக்குள் எவ்வளவு இடம்.

*

தெரு விளக்கின் வெளிச்சத்தில் எதிர்வீட்டு ஆயா வருகிறாள்.

"இழுப்பா தம்பி? இரும்பு குடு, இரும்பு."

அவள் இடுப்பிலேயே கொத்துச்சாவி இருக்கிறது. நாய்க்குப் பிடிக்கக் கை ஏது. ஆயா குந்தி உட்கார்ந்து சாவியை அவன் முன்னங்காலுக்கு அடியில் தள்ளுகிறாள். உதறும் காலில் பட்டுச் சாவிகள் கலகலக்கின்றன.

இருட்டில் துடிப்பு இப்போது காதுக்கும் கேட்கிறது.

வேகமாக. விட்டு விட்டு. ஒன்று. இன்னொன்று.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நீண்ட மூச்சு. அவனுடையது.

*

ஆயா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே நின்றுவிடும். இரும்பு நிறுத்தியது என்பது ஆயாவின் கணக்கு. இரண்டு கணக்குக்கும் திண்ணையில் இடம் இருக்கிறது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. குளிரில் கூடவே உட்கார்ந்திருக்கிறாள்.

*

எழுகிறான். பின்னங்கால்கள் வழுக்குகின்றன. சுவரில் முட்டுகிறான். திரும்புகிறான். மறுபடி சுவர்.

கண் திறந்திருக்கிறது. பார்வை இன்னும் வந்து சேரவில்லை.

செவலை என்று கூப்பிட்டால் காது அசையவில்லை. இந்த வீட்டில் அவனுக்கு யாரையும் தெரியவில்லை. சில நாய்களுக்கு இது சில நிமிடம். சில நாய்களுக்கு ஒரு பகல் முழுக்க.

தொடக்கூடாது. தொட்டால் பயந்து கடிக்கலாம்.

தொடாமல் பக்கத்தில் இருப்பது கடினம்.

*

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. திடீரென நின்று மோப்பம் பிடிக்கிறான்.

வால் நுனி ஆடுகிறது.

*

விடியற்காலை. கோயில் ஒலிபெருக்கி. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள். காற்றில் மொலாசஸ் வாடை.

கல்வராயன் உச்சியில் வெயில் படுகிறது. கீழே கச்சிராயபாளையம் இன்னும் நிழலில்.

செவலை தூங்குகிறான். விலா ஏறி இறங்குவதை எண்ணத் தொடங்கும் மனம். விட்டுவிடுகிறது. மறுபடி எண்ணுகிறது.

*

மருத்துவரின் மேஜையில் நிற்கும்போது அவனுக்கு ஒன்றுமே இல்லை. வந்த எல்லோரையும் முகர்ந்து பார்க்கிறான்.

ரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை, கால்சியம், கல்லீரல், சிறுநீரகம்.

கேள்விகளில் ஊரே வருகிறது. மரவள்ளித் தோலைத் தின்றானா. இலையைத் தின்ற ஆடு மாடு விழுந்து சாவதை இந்தப் பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. பருத்திக்கு, மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்த வயலில் திரிந்தானா. எலி மருந்து வைத்திருக்கிறார்களா. தேரையைக் கவ்வினானா. குட்டியில் டிஸ்டெம்பர் வந்ததா. வெறிநாய் ஊசி போட்டதற்குச் சீட்டு இருக்கிறதா.

அப்புறம் மற்ற கேள்விகள். முதலில் துடித்தது முகமா காலா. ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா. தூங்கிக்கொண்டிருந்தானா. எவ்வளவு நேரம்.

மேஜை மேல் நிற்பவனிடம் இதற்குப் பதில் இல்லை. வலிப்பு அவன் உடம்பில் தடம் எதையும் விட்டுவைக்கவில்லை. பார்த்த கண்ணில் மட்டும் இருக்கிறது.

"அடுத்த தடவ ஒரு ஆள் வீடியோ எடுங்க சார். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க."

இந்த நோட்டு.

*

ரத்தத்தில் குறை எதுவும் இல்லை.

காரணம் பிடிபடாத வலிப்பு. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்குவது. செவலைக்கு மூன்று வயது. இங்கிலாந்தில் 2013-ல் வெளியான ஒரு கணக்கு: ஆயிரம் நாய்களில் ஆறுக்கு.

ஆறில் ஒருவன் வாசலில் படுத்திருக்கிறான்.

*

மனம் காரணம் தேடப் போகிறது. புத்தாண்டு வெடிச் சத்தமா. வேலியோரத்து அரளியா. அன்றைக்கு வைத்த குழம்பா.

திரும்பி வருகிறது.

மறுபடி போகிறது.

போகட்டும்.

*

இரண்டாவது. விடியற்காலை. தூக்கத்தில்.

தண்ணீர்ச் சட்டி. தலையணை. விளக்கு. விநாடிகள்.

முதலில் முகம் துடிக்கிறது, இடது பக்கம். பிறகு முழு உடம்பும். எழுதப்படுகிறது.

ஆயாவின் சாவிச் சத்தம் தெருவில் வருகிறது. அவள் வந்து சேருமுன் அடங்கிவிடுகிறது. சாவியைக் கையில் வைத்தபடி சற்று நேரம் நிற்கிறாள்.

*

வலித்திருக்குமா.

முழு உடம்பும் உதறும்போது நினைவு இருக்காது என்கிறார் மருத்துவர். அந்த நிமிடங்கள் அவனுக்கு நடக்கவேயில்லை.

பார்த்தவர்களுக்கு நடந்திருக்கிறது.

*

ஆறு மாதத்துக்குள் இரண்டு வந்தால் மாத்திரை.

பீனோபார்பிட்டோன். சின்ன வெள்ளை வட்டம். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை.

1912. ஜெர்மனி, ஃப்ரைபுர்க். ஆல்ஃப்ரெட் ஹௌப்ட்மான் என்கிற இளம் மருத்துவர், வார்டில் இருக்கும் வலிப்பு நோயாளிகள் இரவில் அமைதியாக இருக்கட்டும் என்று ஒரு தூக்க மருந்து கொடுக்கிறார். வலிப்பு குறைவதைக் கவனிக்கிறார்.

வேறு எதற்கோ கொடுத்த மருந்து. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்.

அந்த மருந்துதான் இது.

*

மருந்துக் கடையில் சீட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

"யாருக்குங்க?"

"வீட்டுல. நாய்க்கு."

கடைக்காரர் மாத்திரை அட்டையைக் காகித உறையில் போடுகிறார். உறையின் மேல் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. மனிதர்களுக்குப் போடுவது போலவே.

*

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ரத்தத்தில் அளவு நிலைப்பட ஏறக்குறைய இரண்டு வாரம். தானாக நிறுத்தக்கூடாது. திடீரென்று விட்டால் வலிப்பு வேகமாகத் திரும்பும்.

வீட்டில் எட்டு மணி என்று ஒன்று உண்டாகியிருக்கிறது. காலையில் ஒன்று. இரவில் ஒன்று. வெள்ளிமலைக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள் பந்தி முடிந்த கையோடு மலை இறங்குகிறார்கள்.

*

தள்ளாட்டம். வாசற்படியில் கால் தடுக்குகிறது. இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறான். எந்நேரமும் பசி. மருந்தின் வேலை, கொஞ்ச நாளில் குறையும் என்கிறார்கள். பசி மட்டும் போகாதாம்.

வெயிலில் கிடக்கிறான். ஒரு ஈ. காது சிலிர்க்கிறது.

நெஞ்சு திடுக்கிடுகிறது. வெறும் ஈ.

நெஞ்சு அடங்கும்வரை அதையும் பார்த்துக்கொண்டிருப்பது.

*

தூக்கத்தில் கால் அசைகிறது. மெல்ல. ஒழுங்கில்லாமல்.

"செவல."

கண் விழிக்கிறான். பார்க்கிறான். கனவுதான்.

எங்கே ஓடிக்கொண்டிருந்தானோ.

*

நோட்டில் வெற்றுப் பக்கங்கள் சேர்கின்றன. தேதி மட்டும். எதிரே ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாததையும் எழுதச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

*

இரவு எட்டு. சோற்று உருண்டைக்குள் மாத்திரை. சோறு போகிறது, மாத்திரை தட்டில் கிடக்கிறது. வெல்லம் வைத்தால் வெல்லம் போகிறது.

ஆயா தன் வீட்டிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டு கொண்டுவருகிறாள். உப்பு வேண்டாம் என்றதும், திரும்பிப் போய் அதைத் தண்ணீரில் அலசிக்கொண்டு வருகிறாள்.