முத்தில்லாத முத்துச்சிப்பி

முத்து இல்லாத சிப்பிக்கும் முத்துச்சிப்பி என்றுதான் பெயர். தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாப் பார்களில் (சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளில்) மூழ்கி எடுத்த சிப்பிகளில் பெரும்பாலானவற்றில் விலைபோகும் முத்து இருந்ததில்லை. அதற்காக யாரும் அவற்றுக்கு வேறு பெயர் வைக்கவில்லை. குணமும் அதை உடைய பொருளான குணியும் ஒன்றையொன்று விட்டு நிற்காதவை என்பதைச் சைவ சித்தாந்தம் தாதான்மியம் என்றும் நியாய மரபு சமவாயம் என்றும் விளக்கும். எதை ஏற்றாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எந்தக் குணம் போனால் பொருளே போய்விடும், எது போனாலும் பெயர் நிற்கும்?

வீட்டு இணைய ரவுட்டர்கள் பலவற்றில் இருக்கும் பிஸிபாக்ஸ் மென்பொருளில் இந்தக் கேள்வி நடைமுறைச் சிக்கலாகவே வந்து நிற்கிறது. டெபியன் லினக்ஸை ஒற்றை ஃபிளாப்பியிலிருந்து தொடங்குவதற்காக 1995-ல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கியது அது. பல கட்டளைகள் ஒரே கோப்புக்குள் இருக்கும். எந்தப் பெயரில் அழைக்கிறோமோ அந்தக் கட்டளையாக அது நடந்துகொள்ளும். இடத்தை மிச்சம்பிடிக்க, எந்தக் கட்டளை வேண்டும், அதற்குள் எந்த வசதி வேண்டும் என்று தொகுப்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்கலாம். கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’ இருக்கும். கோப்பின் அளவைக் கொண்டு தேடும் வசதி மட்டும் சில கருவிகளில் இருக்காது. அதனால் பதிப்பு எண் ஒன்றாகவே உள்ள இரண்டு கருவிகளில், ஒன்றில் ஓடிய வரி மற்றொன்றில் பிழை என்று நின்றுவிடும். குழம்புகிறவர் பதிப்பைச் சந்தேகிக்கிறார், தான் எழுதிய வரியைச் சந்தேகிக்கிறார், பெயரைச் சந்தேகிப்பதில்லை. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பெயர் இனத்தைச் சொல்லும், உள்ளிருப்பைச் சொல்லாது.

வசதி குறைந்தால் பெயரையும் மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். உண்டு, இல்லை என்று பத்தே தேர்வுகள் இருந்தாலும் 1,024 பெயர்கள் வேண்டும். அத்தனை பெயர்களை வைத்துக்கொண்டு யாரும் எதையும் அழைக்க முடியாது. இன்னொரு மறுப்பு வலுவானது: சிப்பியில் முத்தில்லாதது இயற்கை, மென்பொருளில் வசதியில்லாதது ஒருவருடைய முடிவு, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? உண்மைதான். ஆனால் அந்த வேறுபாடு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் கடமை சிப்பிக்குக் கிடையாது; தேர்ந்தெடுத்த மனிதருக்கு உண்டு.

வாயில்லாத சிப்பியைக்கூட முத்துக்குளிப்பை நடத்தியவர்கள் பெயரை மட்டும் நம்பி எடுக்கவில்லை. பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பிறகே குளிப்பை அறிவித்தார்கள். பிஸிபாக்ஸிலும் அப்படியொரு வழி உண்டு: எந்தத் தேர்வுகளோடு தொகுக்கப்பட்டது என்பதை ‘பிபிகான்ஃபிக்’ என்ற கட்டளை அச்சிட்டுக் காட்டும். ஆனால் அந்தக் கட்டளையும் விருப்பத் தேர்வுதான். வசதிகளை விட்டவர் அதையும் விட்டுவிடலாம். சிறிய கருவியில் சிக்கனம் குற்றமில்லை. விட்டது எது என்பதையும் சேர்த்து விட்டுவிடுவதுதான் குற்றம். திறக்காத சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்தவருக்கு, அதிர்ஷ்டத்தை நம்பித்தான் பணம் போடுகிறோம் என்று தெரியும். ரவுட்டர் வாங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது.